"வேற எதுவும் கிடைக்கலையா?"

இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளையிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நர்சிங், பி.காம்., பி.எட். என்று எதைச் சொன்னாலும் "நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். லா படிக்கிறேன் என்றால் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்: "ஏந்தாயி, வேற எதுவும் கிடைக்கலையா?" கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த, பெயர்கூடத் தெரியாத அம்மா கேட்கிறார். ஐந்தாம் ஆண்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் கேட்டு முடியவில்லை.

கேட்கிறவர்களுக்கு என் பதில் வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். பதிலை அவர்களே வைத்திருக்கிறார்கள். முதல் பதில், மார்க் இல்லை. நான் 2021-இல் பிளஸ் டூ முடித்தவள். கொரோனாவால் அந்த வருடம் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், பதினொன்றில் 20, பன்னிரண்டின் செய்முறை, அக மதிப்பீட்டில் 30 என்று கூட்டிக் கொடுத்தார்கள். "ஆல் பாஸ் செட்டுதான நீ, அதான் லாவுக்குப் போயிட்ட" என்று பெரியப்பா நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த 50 சதவீதம், நான் பத்தாம் வகுப்பில் ராத்திரி கண் விழித்து எழுதிய பரீட்சையில் வந்தது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். அதற்கும் போட்டி உண்டு. எனக்குக் கிடைத்த இடம் யாரோ வேண்டாமென்று விட்டுப் போன இடம் இல்லை.

பெரிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்று ஒரு நுழைவுத்தேர்வு இருக்கிறது. முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 3,500. நான் படித்த அரசுப் பள்ளியில் அப்படி ஒரு தேர்வு உண்டு என்று யாரும் சொன்னதில்லை. திருச்சியிலேயே ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2013-இலிருந்து நடக்கிறது என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். டாக்டர் ஆகணுமா, நீட் எழுது என்று சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வக்கீல் ஆகணுமா, இந்த வழியில் போ என்று சொல்ல ஒருவரும் இல்லை. வழி காட்டாதவர்கள், வந்த பிறகு ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்கிறார்கள்.

இரண்டாவது பதில், ரௌடித்தனம். 2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரியில் சாதியின் பெயரால் மாணவர்கள் மோதிக்கொண்டதையும், போலீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் தமிழ்நாடே டி.வி.யில் பார்த்தது. எனக்கு அப்போது நாலு வயது. அந்தக் காட்சியை வைத்து என்னை எடை போடுகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? 1891-இல் தொடங்கி உயர்நீதிமன்றத்தின் பக்கத்திலேயே இருந்த கல்லூரி அது. 2018-இல் அதைப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் அனுப்பிவிட்டார்கள். வகுப்பு முடிந்ததும் நடந்து போய்க் கோர்ட் ஹாலில் உட்கார்ந்து வாதம் கேட்கிற வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. நாலு சுவருக்குள் புத்தகத்தை மட்டும் படித்தால் ஆர்வம் எங்கிருந்து வரும்? இதை ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் தொழிலில் தப்பானவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பைக்கில் வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டுவதற்காகவே பட்டம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்புக்கே போகாமல் வெளிமாநில லெட்டர்பேட் கல்லூரியில் பணம் கட்டி லா முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. மதுரையில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு போர்ஷன் தேடினோம். எல்லாம் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது என்ன படிக்கிறீங்க என்றார் வீட்டுக்காரம்மா. சொன்னோம். "வக்கீலுக்கெல்லாம் விடுறதில்லம்மா, நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா கேஸ் போடுவீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். நாங்கள் இன்னும் வக்கீல்கூட ஆகவில்லை.

மூன்றாவது பதில், சினிமா. 'ஜெய் பீம்' வந்தது 2021 நவம்பரில். படம் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்துவிட்டேன் என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். படம் வருவதற்கு முன்பே நான் விண்ணப்பம் போட்டாயிற்று. படத்தைப் பார்த்துச் சேர்ந்திருந்தால்தான் என்ன குறை? 1993-இல் போலீஸ் பிடித்துக்கொண்டு போன ராஜாக்கண்ணுவுக்காக வக்கீல் சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டு வாதாடியது கதை இல்லை, நடந்தது. அதைப் பார்த்து ஒரு பிள்ளை சட்டம் படிக்க வந்தால் சந்தோஷப்பட வேண்டாமா?

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன். இதுவரை யாரும் முழுதாகக் கேட்டதில்லை.

எங்கள் தாத்தாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை. அவர் கிரயம் வாங்கிய பத்திரம் தகரப் பெட்டியில் இருக்கிறது. எண்பதுகளில் யூ.டி.ஆர். என்று ஊர் நிலத்தையெல்லாம் அளந்து புதுக் கணக்கு எழுதினார்களே, அப்போது பட்டா தாத்தாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பேரில் ஏறிவிட்டது. நம் பக்கத்தில் எந்த ஊரில் விசாரித்தாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். உழுததும் விதைத்ததும் நாங்கள்தான் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு தாத்தாக்களும் போன பிறகு, பங்காளி மகன் அந்தப் பட்டாவைக் காட்டி முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டார். நிலம் அவருடையது, நாங்கள் உள்ளே வரக் கூடாது என்று.

அப்பா டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். பணம் கொடுத்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவார். கூப்பிடுவார்கள், வக்கீல் ஏதோ சொல்வார், அவ்வளவுதான். என்ன ஆச்சு என்று கேட்டால் "தள்ளிப் போட்டிருக்கு" என்பார் குமாஸ்தா. எதற்குத் தள்ளிப் போட்டார்கள் என்று கேட்க அப்பாவுக்குத் தைரியம் வராது. கொஞ்ச நாளில் குமாஸ்தாவே "நீங்க வர வேண்டாம், ஏதாவதுன்னா சொல்லி விடுறேன்" என்றார். அப்பா நம்பினார்.

எங்கள் தரப்பில் எதிர்வழக்குரை போடவேயில்லை என்பது டிராக்டர் வந்து வரப்பை உழுதபோதுதான் தெரிந்தது. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. பிரதிவாதி வரவில்லை, பதில் சொல்லவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி மாதங்கள் ஆகியிருந்தன. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் என்று அப்பா அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். தமிழில்தான் இருந்தது. முதல் மார்க் வாங்குகிறவள் என்று பள்ளியில் பேர் எடுத்த எனக்கு அதில் ஒரு வரி விளங்கவில்லை. "என்னத்தா எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டுக்கொண்டே நின்றார்.

யாரோ சொல்லி, கோர்ட் வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். அங்கே ஒரு வக்கீல் அம்மா உட்கார்ந்திருந்தார். பத்திரத்தை வாங்கிப் படித்தார். தீர்ப்பைப் படித்தார். பிறகு அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். பட்டா என்பது வரி வசூலுக்கான வருவாய்த்துறைக் கணக்கு, அதை வைத்து மட்டும் நிலம் ஒருவருக்குச் சொந்தம் ஆகிவிடாது, உங்கள் கையில் இருக்கிற கிரயப் பத்திரம்தான் பலம் என்றார். நீங்கள் இல்லாமல் சொன்ன தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் அதற்கு 30 நாள்தான் கெடு, அது தாண்டிவிட்டதால் தாமதத்துக்கு என்ன காரணம் என்று தனியாக ஒரு மனுவில் சொல்ல வேண்டும் என்றார். எது தன் கையில் இருக்கிறது, எது ஜட்ஜ் கையில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவ்வளவு நேரமும் அப்பாவை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்.

மனு ஏற்கப்பட்டது. செலவுத் தொகை கட்டச் சொல்லி, தீர்ப்பை ரத்து செய்து, வழக்கைப் பழையபடி எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் விசாரணை நடக்கிறது. ஜெயிப்போமா தோற்போமா என்பது வேறு விஷயம். தன் வழக்கில் என்ன நடக்கிறது என்று அப்பாவுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது அந்த மேசைக்கு முன்னால்தான். அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன். நான் லா படிக்கிற காரணம் இவ்வளவுதான். பத்து நிமிடம் பொறுமையாகப் பேச ஆள் இல்லாமல் எங்கள் நிலம் போக இருந்தது.

இதைச் சொல்லத் தொடங்கினால் கேட்டவருக்கு அவசரம் வந்துவிடுகிறது. பாதியில் "சரி சரி, பொண்ணு வக்கீல்னா மாப்பிள்ளை அமையறது கஷ்டமாச்சே" என்று பேச்சை மாற்றுகிறார். கருப்புக் கோட்டுப் போட்டவள் வீட்டுக்கு வந்தால் எதிர்த்துப் பேசுவாளாம். அத்தை இதை அம்மாவிடம் சொல்லி அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

என்னோடு படிக்கிறவர்களின் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். ஒருத்தியின் அண்ணனைச் செய்யாத திருட்டுக்குப் பிடித்துப் போட்டிருந்தார்கள். இன்னொருத்தியின் அக்காவுக்கு ஜீவனாம்சம் ஆர்டர் ஆகியும் பணம் வந்து சேரவில்லை. கட்சியில் சேரலாம் என்று வந்தவன் இருக்கிறான், அதை ஒளிக்காமல் சொல்வான். நீட்டில் இடம் கிடைக்காமல் வந்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஆம், வேறு எதுவும் கிடைக்காமல்தான் வந்தாள். இன்று எங்கள் மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரிக் கோர்ட்டில், அவளை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் 302 என்றும் 420 என்றும் இந்திய தண்டனைச் சட்டத்தை மனப்பாடம் செய்தோம். 2024 ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து 302 என்பது 103 ஆனது, 420 என்பது 318 ஆனது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே என்பதால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒரு மாதத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதி எங்கள் எல்லோருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாள். எந்தக் காரணத்தால் உள்ளே வந்தாள் என்று இனி அவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

"வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்கிற இதே சொந்தக்காரர்கள்தான் ராத்திரி ஒன்பதரைக்கு போன் போடுகிறார்கள். "ஒரு சின்ன சந்தேகம் தாயி." வாட்ஸ்அப்பில் தாய்ப்பத்திரம் வரும், வில்லங்கச் சான்று வரும், போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது வரும். எல்லாம் மங்கலான போட்டோ. பார் கவுன்சிலில் பதிவு செய்யாமல் நான் வழக்கு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன். பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்கு போன் பண்ணினால் காசு கிடையாது என்று எத்தனையோ அத்தைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. நான் சொல்வதை நம்பிச் செய்கிறவர்கள், மறுநாள் கோயில் வாசலில் பார்த்தால் மறுபடியும் அந்தப் பழைய கேள்வியையே கேட்கிறார்கள். இதற்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நோக்கத்தோடு வந்தவளை அந்த நோக்கத்தோடு இருக்க விடுகிறார்களா என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

நான் படிப்பு முடிந்ததும் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 2025 மே 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மூன்று வருடம் வக்கீலாக இருந்தவர்கள்தான் அந்தத் தேர்வை எழுத முடியும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. தீர்ப்பின் காரணம் எனக்குப் புரிகிறது. கோர்ட்டில் நின்று பழகாதவர் ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா மாதிரி ஆட்கள்தான் கஷ்டப்படுவார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று வருடம் நான் எதைச் சாப்பிடுவது?

ஜூனியராகச் சேர்ந்தால் மாவட்ட ஊர்களில் என்ன கிடைக்கிறது என்று எங்கள் சீனியர் அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள். பல ஆபீஸ்களில் மாதச் சம்பளம் என்பதே இல்லை. சீனியருக்கு மனம் இருந்தால் எப்போதாவது ஐந்நூறோ ஆயிரமோ கையில் வைக்கிறார், அதைப் பஸ் காசு என்று சொல்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், வாய்தா வாங்கி, நகல் மனுப் போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மறுநாளைக்கான கட்டை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் வேலைக்கு இது கூலி. "நாங்களும் இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்கிறார்கள். அப்படிக் கற்றுக்கொள்ள முடிந்தவர்கள் யார்? அப்பா வக்கீலாக இருந்தவர்கள், டவுனில் சொந்த வீடு இருந்தவர்கள். அவர்கள் தங்கினார்கள். மற்றவர்கள் பேங்க் பரீட்சை எழுதப் போனார்கள், கம்பெனி வேலைக்குப் போனார்கள், கல்யாணம் ஆகிப் போனார்கள். அப்படிப் போன அக்காக்களைக் காட்டி, "லா படிச்சு என்ன ஆச்சு பார்" என்று என்னிடம் சொல்கிறார்கள்.

2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இதைக் கவனித்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்ப பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று வழிகாட்டியது. வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை. நான் இன்டர்ன்ஷிப் போன ஆபீஸில் அந்தச் சுற்றறிக்கையைப் பற்றி ஜூனியர் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். மெதுவாகப் பேசு என்றார்.

நல்லதும் நடந்திருக்கிறது. பார் கவுன்சிலில் பதிவு செய்ய என்ரோல்மென்ட் கட்டணம் என்று மாநிலத்துக்கு மாநிலம் பல ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்று வழக்கறிஞர் சட்டத்திலேயே எழுதியிருக்கும்போது அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. சட்டத்தில் இருப்பதை அமல்படுத்தவே இத்தனை காலம் ஆனது. உள்ளே நுழைகிற செலவு குறைந்துவிட்டது, சரி. உள்ளே வந்த பிறகு சோற்றுக்கு என்ன வழி என்பதுதான் இன்னும் பாக்கி.

என் அப்பாவுக்கு நடந்ததை மறுபடி யோசித்துப் பாருங்கள். எதிர்வழக்குரை போடாமல் விட்ட அந்த ஆபீஸில் ஒரு ஜூனியர் இருந்தாரா, இருந்தால் அவருக்கு மாதம் என்ன கொடுத்தார்கள், கட்டுகளைப் பார்க்க ஆள் போதுமா என்று எனக்கு இப்போது கேட்கத் தோன்றுகிறது. கூலி இல்லாத ஆள் எத்தனை நாள் கண்ணும் கருத்துமாகக் கட்டுப் பார்ப்பார்? ஜூனியருக்குச் சம்பளம் இல்லை என்பது ஜூனியரோடு முடிகிற கஷ்டம் இல்லை. ஒரு வாய்தா தவறினால் யாரோ ஒருவரின் வரப்பில் டிராக்டர் இறங்குகிறது.

சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான்: உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சட்டம் படிக்க வேண்டும் என்றால் படிக்க விடுங்கள், பெண் பிள்ளை என்றால் கட்டாயம் விடுங்கள். சீனியர்களிடம் கேட்பது வேறு. வருகிற வருடம் என் வகுப்பு முழுதும் என்ரோல் ஆகி உங்கள் ஆபீஸ் வாசலுக்கு வருவோம். தட்டச்சுத் தெரியும், தமிழில் மனு எழுதத் தெரியும், கட்சிக்காரரிடம் அவருக்கு விளங்குகிற மாதிரி பேசத் தெரியும். மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதை ஒன்றாம் தேதி கொடுத்துவிடுங்கள்.